மேகத்துக்குள் போன இருவாச்சி

மலைக்காட்டில் கொண்டையன் என்றொரு இருவாச்சிப் பறவை இருந்தது. அதன் துணை செம்பி, ஒரு பெரிய மரப்பொந்துக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. இருவாச்சிகளின் வழக்கப்படி பொந்தின் வாயை மண்ணால் அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தன. உள்ளே செம்பியின் இறகெல்லாம் உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. கொண்டையன் கொண்டுவரும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு.

பள்ளத்தாக்குக்கு அக்கரையில் ஓர் அத்திமரம் பழுத்திருந்தது. ஒருநாள் காலை கொண்டையன் அங்கே போய்த் தொண்டை நிறையப் பழம் நிரப்பிக்கொண்டது. திரும்பலாம் என்று பார்த்தால், பள்ளத்தாக்கை மேகம் மூடத் தொடங்கியிருந்தது.

அதே மரத்தில் நீலி என்ற மலைமைனாவும் இருந்தது. அதன் கூடும் எதிர்மலையில்தான். மேகம் விலகட்டும், சேர்ந்தே போகலாம் என்றது நீலி. கொண்டையன் கேட்கவில்லை. தினம் பத்துத் தடவை போய்வருகிற வழி, கண்ணை மூடிக்கொண்டே போவேன் என்றது.

"வௌவாலுக்குக் காது வழி சொல்லும். நமக்குக் கண்ணை விட்டால் வேறு என்ன இருக்கிறது?" என்றது நீலி. "என் குஞ்சுகளும் பசியோடுதான் இருக்கின்றன. ஒரு பொழுது பசித்தால் செத்துவிடாது."

"செம்பி காத்திருப்பாள்," என்று சொல்லிவிட்டுக் கொண்டையன் கிளம்பிவிட்டது.

பாதி தூரத்தில் எதிர்மலை மறைந்தது. திரும்பிப் பார்த்தது. அத்திமரம் மங்கலாகத் தெரிந்தது. அப்போதுகூடத் திரும்பியிருக்கலாம். பாதி வந்தாயிற்றே என்று நினைத்து, இறக்கையை இன்னும் வேகமாக அடித்தது.

கொஞ்ச நேரத்தில் எங்கும் ஒரே வெள்ளை. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. நேராகப் பறப்பதாகத்தான் அதற்குத் தோன்றியது. உண்மையில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, வட்டமடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. காற்று காதில் உரக்க இரைந்தபோதுதான் பயம் வந்தது. மேலே ஏறுவதாக நினைத்து முழு பலத்தோடு இறக்கையை அடித்தது. திடீரென்று முகத்துக்கு நேரே கறுப்பாக ஒரு பாறை வந்தது.

கண் விழித்தபோது பாறை இடுக்கில் கிடந்தது. இடது இறக்கை முறிந்திருந்தது. பழமெல்லாம் சிதறிப்போயிருந்தது. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. மேலே கூட்டுமரத்தின் இலைகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

பள்ளத்தாக்கைக் கடந்து வந்த நீலி அதைக் கண்டு இறங்கியது. எதையும் குத்திக்காட்டவில்லை. செம்பிக்கு நான் பழம் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னது. ஆனால் மைனாவின் அலகு எவ்வளவு கொள்ளும்? தன் குஞ்சுகளுக்குப் போக மிஞ்சியதை நான்கு நாள் கொண்டுபோய்க் கொடுத்தது. ஐந்தாம் நாள் செம்பி மண்சுவரை உடைத்துக்கொண்டு, அரைகுறை இறகோடு வெளியே வந்தது. அதற்குள் குஞ்சு இறந்துவிட்டது.

கொண்டையன் பாறை பாறையாக, கிளை கிளையாகத் தத்தித் தத்தி வந்துசேரப் பதினோரு நாளாயிற்று. செம்பி திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டது.

"மேகம் எப்போது விலகியது?"

"நான் கண் விழிப்பதற்குள்," என்றது கொண்டையன்.

பார்வை எட்டாதபோது பொறுத்திருப்பவர் தாமதமாகவாவது வீடு போய்ச் சேர்வார். பழகிய வழிதானே என்று துணிகிறவர், தமக்காகக் காத்திருப்பவர்களையும் சேர்த்தே துன்பத்தில் தள்ளுவார்.