அத்திமரம் குழாய்க்குள் போன கதை

அந்தக் காலத்தில், மரமும் ஆமையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கிரேக்க தேசத்து மலையடிவாரம் ஒன்றில் பெரிய கோயில் இருந்தது. திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும். விழா வருவதோ நடுக்கோடையில். குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஒரு விழாவில் தாகத்தால் சிலர் சுருண்டு விழுந்து செத்தார்கள். அவர்களில் மிர்தோ என்பவளின் புருஷனும் ஒருவன்.

பிறகு ஒரு சீமாட்டி மனமிரங்கி, தூரத்து மலைச் சுனையிலிருந்து மண்குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். கோயில் வாசலில் பளிங்கால் பெரிய நீரூற்று மண்டபம் கட்டினாள். மாடத்துக்கு மாடம் அவள் வீட்டு ஆட்களின் சிலை. மாமனார் சிலை தெய்வத்தின் சிலையைவிட ஒரு சாண் உயரம். கீழே கல்சிங்கங்களின் வாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டியது. அதைக் காக்கும் வேலையை மிர்தோவுக்குக் கொடுத்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குடிக்க வருகிறவர் முதல் கை நீரைத் தெய்வத்துக்கென்று தரையில் விட வேண்டும். தெய்வம் குடித்ததோ இல்லையோ, தொட்டி விளிம்பு எட்டாத ஆமை குடித்தது. மண்டபத்தை ஒட்டி நின்ற காட்டு அத்தியும் அதை நம்பித்தான் உயிர் வாழ்ந்தது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. சிங்கத்தின் வாயில் விரல் பருமனுக்குத்தான் தண்ணீர் வந்தது. விழா நெருங்க நெருங்க மிர்தோவுக்குத் தூக்கம் போயிற்று. வெடித்த உதட்டோடு கிடந்த புருஷன் முகம் கண்முன் வந்து நின்றது. ஒருநாள் தொட்டியருகே நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: "இனிமே யாரும் தரையில ஒரு சொட்டு விடக்கூடாது. எல்லாம் மனுஷங்க வாய்க்குத்தான்."

பூசாரி தலையைச் சொறிந்தார். "சாமி கோவிச்சுக்குமே, மிர்தோ."

"சாமிக்கு மழை பெய்ய வைக்கத் தெரியும். எனக்குத் தெரியாதே."

பூசாரிக்கும் தாகம்தான். அவரும் தரையில் விடாமல் குடித்துவிட்டுப் போனார்.

தரை காய்ந்து வெடித்தது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. அத்தியின் இலைகள் சுருண்டன.

"ஏம்மா, ஒரு கை தண்ணி விடக்கூடாதா?" என்றது அத்தி.

"திருவிழா முடியட்டும்."

"அதுவரைக்கும் நான் இருக்கமாட்டேன்."

"என் புருஷனும்தான் இல்லாம போயிட்டான்," என்றாள் மிர்தோ. சொன்ன பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. ஆனாலும் கை நீளவில்லை.

அத்தி கடைசியாகச் சொன்னது: "நீ ஊத்துவேன்னு நின்னேன். ஊத்தமாட்டேன்னா நானே போய் எடுத்துக்கிறேன். அப்புறம் என் மேல வருத்தப்படாதே."

மரம் எங்கே போய்விடும் என்று மிர்தோ நினைத்தாள். மரம் போகவில்லை, வேர் போயிற்று. மண்ணுக்குள் ஈரத்தை மோப்பம் பிடித்துக்கொண்டே போய், குழாயும் குழாயும் சேருமிடத்தில் மயிரிழை இடைவெளியைக் கண்டது. உள்ளே நுழைந்து குடித்தது. குடிக்கக் குடிக்கப் பருத்தது.

விழாவன்று காலை குழாய் படாரென்று வெடித்தது. தொட்டி வறண்டது. சுவர் விரிசல் விட்டு, மாமனார் சிலை தலைகுப்புற விழுந்தது. வந்திருந்த கூட்டம் திகைத்து நின்றது. இத்தனை பேரையும் தானே கொன்றுவிட்டதாக நினைத்து மிர்தோ நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதே. கீழே பாரு," என்றது அத்தி.

அதன் வேரடியில் தண்ணீர் ஊறிக் குட்டையாகத் தேங்கியிருந்தது. தொட்டிக்கு வந்த அதே தண்ணீர்தான். ஆனால் குடிக்க மண்டியிட வேண்டும். ஆமை முன்பே வந்து குடித்துக்கொண்டிருந்தது. மிர்தோ அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். நாக்கு வறண்டிருந்தும், முதல் கை நீரை அள்ளி வேரில் விட்டாள்.

"இப்ப எதுக்கு? நான்தான் எடுத்துக்கிட்டேனே," என்றது மரம்.

"நீ எடுத்துக்கிட்டே. நான் இன்னும் கொடுக்கலியே."

அவளுக்குப் பின்னால் சனங்களும் மண்டியிட்டுக் குடித்தார்கள். அந்த விழாவில் யாரும் தாகத்தால் சாகவில்லை. மாமனார் விழுந்த கோபத்தில் சீமாட்டி மண்டபத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மிர்தோ மட்டும் சாகும்வரை காலைதோறும் அத்திக்கு ஒரு கை தண்ணீர் விட்டாள்.

அவளும் போனாள். அத்தி வேறு யாரிடமும் கேட்கவில்லை. அன்று முதல்தான், கல்மண்டபம் இடிந்து கிடக்கும் இடங்களில், யாரும் நடாமல், யாரும் ஊற்றாமல், விரிசலுக்குள் தானே வேர்விட்டு அத்தி நிற்கிறது.