கெளுத்தி இரவல் கொடுத்த செதில்

அந்தக் காலத்தில் ஆடும் மீனும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். கெளுத்தி மீனுக்கு உடம்பு முழுக்கச் செதில் இருந்தது. கெண்டைக்கு இருப்பது போலப் பெரிய செதில் அல்ல. தவிட்டைவிடப் பொடியானது, அடுக்கடுக்கானது, வெயில் பட்டால் துலக்கிய பித்தளை போல மின்னுவது. செம்மறியின் ரோமத்திலோ அப்படி ஒன்றுமே இல்லை. அது நாணல் பூவைப் போல வழவழவென்று இருந்தது. முள்வேலியில் உரசினால் தானே கழன்று வந்துவிடும். ஆட்டுக்குக் கத்திரி வைக்கவேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை.

மலையடிவாரத்தில் ஆறு வளைந்து மடுவாகத் தேங்கும் இடத்தில் குறும்பர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே பீரன் என்பவன் ஆட்டுப்பட்டி வைத்திருந்தான். அவன் மனைவி சிக்கம்மா வேலியில் தொங்கும் ரோமத்தைச் சேர்த்து நூல் முறுக்குவாள். அவன் தரையில் முளை அடித்துத் தறி கட்டிக் கம்பளி நெய்வான். நெய்த கம்பளி ஒரு வாரம் தாங்கும். பிறகு இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போய், முழங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழும்.

"இந்தாங்க, இது போர்த்திக்கிறதுக்கா, மீன் பிடிக்கிறதுக்கா?" என்று சிக்கம்மா அதைத் தூக்கிப் பிடித்துக் கேட்பாள். ஓட்டை வழியாக அவள் முகம் தெரியும்.

பீரன் மறுபடி தறியில் குனிவான். நெசவில் தன் கை சுத்தம் என்று அவனுக்குத் தெரியும். குற்றம் ரோமத்தில் இருந்தது.

ஒரு வருடம் ஐப்பசி அடைமழையில் பதினேழு குட்டிகள் விறைத்துச் செத்தன. நனைந்த ரோமம் தாய் ஆடுகளின் உடம்பிலிருந்தே வழிந்து போயிற்று. குட்டிகளை மூடிவைக்கக் கம்பளியும் இல்லை. மந்தைக்கு முன்னால் நடக்கும் முன்னாடு ஒன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்தது, இருந்தது. சுட்டி என்றே அதற்குப் பேர். அதன் இரண்டு குட்டிகளும் அந்தப் பதினேழில் போயின. மூன்று நாள் அது மேயவில்லை. நாலாம் நாள் பீரனிடம் வந்து, "பீரண்ணா, அடுத்த மழைக்கும் இப்படித்தானா?" என்று கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மறு வருடம் புரட்டாசியில் மேகம் திரளத் தொடங்கியதும் பீரன் ஆடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு மடுவுக்குப் போனான். அந்த நாளில் ஆட்டுக்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். வயிறு நனைய இறங்கி நிற்கும். கெளுத்திகள் கூட்டமாக வந்து அவற்றின் கால் உண்ணிகளைப் பிடுங்கித் தின்னும். கெளுத்திகளில் மூத்தவளை எல்லாரும் கெளுத்தியக்கா என்பார்கள். முன்பு ஒரு கோடையில் மேல்குட்டை வற்றியபோது பீரன் தன் தோல்பையில் அவள் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு வந்து இந்த மடுவில் விட்டிருந்தான். அதை அவள் மறக்கவில்லை.

அன்று பீரன் தண்ணீருக்குள் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன தம்பி, என் முதுகையே பாக்குற?"

"ஒண்ணுமில்லக்கா. உங்க மேல கை வச்சுப் பாக்கலாமா?"

அவள் கிட்டே வந்தாள். தலையிலிருந்து வாலுக்குத் தடவினான், வழுக்கியது. வாலிலிருந்து தலைக்குத் தடவினான், விரலைத் தடுத்தது. ஒவ்வொரு செதிலும் ஒரு சின்னப் பல் போல நின்று பிடித்தது.

"ஆட்டு ரோமத்துக்கு இப்படி ஒரு பிடி இருந்தா, ஒரு இழை இன்னொரு இழையை விடாதுக்கா," என்றான்.

கெளுத்தியக்கா சுட்டியைப் பார்த்தாள். சுட்டி அப்போது மறுபடி சினையாக இருந்தது. அவள் ஆழத்துக்குப் போய்த் தன் கூட்டத்தோடு பேசிவிட்டு மேலே வந்தாள்.

"மழைக்காலத்துல ஆறு கலங்கி ஓடும். எங்களைக் கொத்த எந்தப் பறவையும் வராது. செதில் இல்லாம நாங்க சமாளிச்சுக்குவோம். ஆனா மாசி கழிஞ்சா தண்ணி குறைஞ்சுடும். வெயில் அடிவரைக்கும் இறங்கும், அட்டை ஏறும். செதில் இல்லாத உடம்பு அதைத் தாங்காது. அதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்."

"குடுத்துடுறேன்."

"ஆடுகளைக் குளுந்த தண்ணியில இறக்கி விடு. நெய்யுற கம்பளியையும் போடு. செதில் தானா கழண்டு எங்ககிட்ட வந்துடும். வேற ஒண்ணும் செய்ய வேணாம். அப்படியே கொண்டு வா."

"சரிக்கா."

அன்று பகல் முழுவதும் கெளுத்திகள் ஆடுகளின் ரோமத்துக்குள் புகுந்து புரண்டன. சாயங்காலம் அவை வெளியே வந்தபோது பிறந்த குழந்தை போல வெறும் தோலாக இருந்தன. ஆடுகள் கரையேறி உதறின. ரோமம் சுருண்டு ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டது.

அந்த வருடம் பீரன் நெய்த கம்பளியில் ஈர்க்குச்சி நுழையவில்லை. மழை அதன் மேல் முத்து முத்தாக நின்று உருண்டு விழுந்தது. உள்ளே நனைந்தாலும் கதகதப்பு போகவில்லை. கார்த்திகையில் சுட்டி ஒரு குட்டி போட்டது. பட்டியில் அந்த மழைக்கு ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

மாசி பிறந்தது. மடுவில் நீர் ஒரு ஆள் மட்டத்திலிருந்து இடுப்பளவுக்கு இறங்கியது. கெளுத்தியக்கா கரையோரம் வந்து தலையைத் தூக்கி, "தம்பி, ஞாபகம் இருக்கில்ல?" என்றாள். வெளுத்த முதுகில் இரண்டு அட்டை ஏறியிருந்தது.

"நாளைக்கே கொண்டு வரேன்," என்றான் பீரன்.

வீட்டுக்கு வந்து ஆடுகளைப் பார்த்தான். நாலு மாதச் சேறு, புழுக்கை, நெருஞ்சி முள், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் ரோமத்தில் அப்பிக் கிடந்தன. கம்பளியோ புகையும் பாலும் நாறியது. அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தக் குடியில் இரவல் வாங்கிய எதையும் வாங்கியபடி திருப்பும் வழக்கம் இல்லை. பானையானால் சாம்பல் போட்டுத் தேய்த்து, உள்ளே ஒரு பிடி தானியமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஒரு தரம் பக்கத்து வீட்டு மாதக்கா கரி பிடித்த சட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்தாள் என்று சிக்கம்மா ஒரு வருடம் அவளோடு பேசாமல் இருந்தாள்.

"சிக்கி, உலை வை. பெரிய பானையில," என்றான் பீரன்.

"எதுக்கு?"

"இந்த அழுக்கோடவா கொண்டுபோய்க் குடுக்கிறது? எவ்வளவு பெரிய உதவி செஞ்சிருக்காங்க. வெந்நீர்ல சாம்பல் கரைச்சு நல்லாத் தேச்சுக் குடுக்கணும்."

சிக்கம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். "அவங்கதான் அப்படியே கொண்டு வான்னு சொன்னாங்களே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. 'அப்படியே குடு, கழுவ வேணாம்'னு நீ மாதக்காகிட்டச் சொல்லலியா? அவ அப்படியே குடுத்தா. அப்புறம் என்ன பண்ணின?"

சிக்கம்மா பெரிய பானையை எடுத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று இருட்டும்வரை இருவரும் உழைத்தார்கள். கம்பளியைக் கொதிக்கும் சாம்பல் தண்ணீரில் முக்கி, கல்லில் போட்டு உவர்மண் தூவிக் கையாலும் காலாலும் தேய்த்தார்கள். பிறகு ஆடுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றித் தேய்த்தார்கள். அழுக்கு கறுப்பாக வழிந்தோடியது. கடைசி ஆட்டுக்கு வருவதற்குள் பீரனின் உள்ளங்கை வெந்து சிவந்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை.

"சொகமாத்தான் இருக்கு பீரண்ணா," என்றது சுட்டி. "ஆனா மேலெல்லாம் யாரோ இறுக்கிக் கட்டுற மாதிரி இருக்கே."

"புதுத் துணி போட்டா அப்படித்தான் இருக்கும்," என்றான் பீரன்.

சூடு பட்டதும் செதில்கள் விரிந்தன. தேய்க்கத் தேய்க்க ஒரு ரோமத்தின் பல் இன்னொரு ரோமத்தின் பல்லுக்குள் புகுந்தது. ஆறியபோது அவை அப்படியே மூடிக்கொண்டன. இது நடந்ததை யாரும் பார்க்கவில்லை, கண்ணுக்குத் தெரிகிற அளவும் இல்லை. கம்பளியைக் காயப்போட எடுத்தபோதுதான் சிக்கம்மா, "இந்தாங்க, இது நம்ம கம்பளிதானா?" என்றாள். ஆறு முழக் கம்பளி மூன்று முழமாக நின்றது. விரலால் இழையைப் பிரிக்கப் பார்த்தாள். இழை என்று ஒன்று இல்லை. எல்லாம் ஒரே தகடாக இருந்தது.

"காஞ்சா விட்டுக்கொடுக்கும்," என்றான் பீரன். அவன் குரல் அவனுக்கே நம்பும்படி இல்லை.

மறுநாள் மந்தையை ஆற்றுக்கு ஓட்டினான். வெள்ளை ஆடு வெள்ளையாக, கறுப்பு ஆடு கறுப்பாக, அவ்வளவு சுத்தமாக அந்த மந்தையை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. கம்பளிக்குள் ஒரு பிடி ராகியும் முடிந்து வைத்திருந்தான்.

கெளுத்திகள் கரையோரம் காத்திருந்தன. ஆடுகள் இறங்கின. கெளுத்திகள் ரோமத்துக்குள் முட்டின. உள்ளே நுழைய வழி இல்லை. மீசையால் துழாவின, வாயால் இழுத்தன. உச்சிவெயில் வரும்வரை முயன்றும் ஒரு செதில்கூடக் கழலவில்லை.

கெளுத்தியக்கா பீரனிடம் வந்தாள். "இதுக்கு என்ன செஞ்ச?"

"கழுவினேன்கா. வெந்நீர்ல, நல்லாத் தேச்சு."

"அப்படியே கொண்டு வான்னு சொன்னேனே."

"மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அவள் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "நாங்க மீனு, தம்பி. மரியாதைக்கு ஒண்ணு, மனசுல ஒண்ணுன்னு எங்களுக்குப் பேசத் தெரியாது. சொன்னா, சொன்னதுதான்."

"உங்களைத் தோல்பையில எடுத்துக்கிட்டுப் போறேன். மலைக்கு மேல நிழலான சுனை இருக்கு..."

"எத்தனை பேரைத் தூக்குவ? எத்தனை கோடைக்குத் தூக்குவ?"

அவள் திரும்பி, மடுவின் அடியில் சேறு கிடக்கும் பக்கம் போனாள். பீரன் அவளைத் தடுக்க அவசரமாகக் கையை நீட்டினான். செதில் இல்லாத உடம்பில் மிஞ்சியிருந்தது செவுளோரத்து முள் மட்டும்தான். அது அவன் உள்ளங்கையில், வெந்து சிவந்திருந்த இடத்திலேயே ஏறியது. அவள் வேண்டுமென்று குத்தினாளா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. சேறு கலங்கியது. தெளிந்தபோது ஒரு கெளுத்தியும் கண்ணில் படவில்லை. கேட்டதைக் கேட்டபடி எடுத்துக்கொள்ளாதவர்களிடம் பேசி ஆவதென்ன என்று நினைத்ததோ என்னவோ, அதற்குப் பிறகு எந்த மீனும் மனிதரிடம் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை.

சுட்டி தண்ணீரிலிருந்து மெல்லப் பின்வாங்கியது. "இனி எந்த மூஞ்சியோட இதுல இறங்குறது?" என்றது. ஆடு பேசியதில் கடைசி வார்த்தை அதுதான்.

பீரன் வீங்கிய கையோடு கரையில் உட்கார்ந்திருந்தான். கம்பளிக்குள் முடிந்த ராகியைத் தண்ணீரில் கொட்டினான். அது மிதந்து, நனைந்து, மூழ்கியது. எதுவும் மேலே வந்து தின்னவில்லை. திரும்பும்போது சுருங்கிய கம்பளியைச் சுட்டியின் குட்டி மேல் போட்டான். அளவு சரியாக இருந்தது.

சித்திரையில் ஆடுகளின் ரோமம் வேலியில் உதிரவில்லை. செதில் தோலுக்குள் வேர் பிடித்திருந்தது. கழித்துவிட்டாலும் அடியிலிருந்து செதிலோடுதான் வளர்ந்தது. வெயிலில் ஆடுகள் மூச்சு வாங்கின. கொல்லனிடம் சொல்லி ஒரு கத்திரி அடித்துவந்து பீரன் ஒவ்வொன்றாகக் கத்திரித்தான். கத்திரிப்பதற்கு முன்னால் ஆற்றில் கழுவ வேண்டியிருந்தது. குளிர்ந்த தண்ணீரில்தான் கழுவினான், தேய்க்கவும் இல்லை. ஆடுகள் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றன. ஒவ்வொன்றையும் இழுத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது.

மாதக்கா அடுத்த மழைக்கு ஒரு கம்பளி இரவல் வாங்கிப்போனாள். மழை விட்டதும் சேறும் புகையுமாக அப்படியே கொண்டுவந்து நீட்டினாள். சிக்கம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அன்று முதல்தான் கெளுத்தி செதில் இல்லாத உடம்போடு சேற்றில் ஒளிந்து, தொட்ட கையைக் குத்துகிறது. ஆடு தண்ணீரைக் கண்டால் பின்னுக்கு இழுக்கிறது. வெந்நீரில் தேய்த்த கம்பளி சுருங்கினால் சுருங்கியதுதான். அந்தக் குடியில் இன்றும் இரவல் வாங்கிய பானையைத் தேய்த்துத் தருவார்கள், கம்பளியை மட்டும் கழுவாமல் தருவார்கள்.