மிளகி சொன்ன பொருள்

அந்தக் காலத்தில், மனிதருக்கும் விலங்குக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, ஓர் அரண்மனையில் மிளகி என்றொரு பூனை இருந்தது. அரசர் மடியில்தான் அதற்கு இடம். வாய் மட்டும் முழ நீளம். யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு குத்தலைக் கண்டுபிடித்து அரசர் காதில் போட்டுவிடும். முந்தின மழைக்காலத்தில் அதன் மூன்று குட்டிகளையும் வெள்ளம் கொண்டுபோனது. அதிலிருந்து அந்த நாக்கில் விஷம் ஏறிவிட்டது. பாவம்தான், அதற்காக ஊரெல்லாம் கடிபட வேண்டுமா?

அரண்மனை ஓவியர் வீரபத்திரன் ஒருநாள் சபை மண்டபச் சுவரில் பூனைப்படம் வரைந்தார். ஒரு பூனை தலைப்பாகை கட்டி எலிமேல் சவாரி போனது. ஒன்று மத்தளம் கொட்டியது. இன்னொன்று கெண்டை மீனுக்குச் சாமரம் வீசியது. பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இதற்கு என்ன பொருள் என்று அரசர் கேட்டார்.

"அதை மிளகிதான் சொல்லணும், மகாராஜா. அவளுக்குத் தெரியும்," என்றார் ஓவியர்.

மிளகிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சபையே தன் வாயைப் பார்க்கிறதே. படத்தை அது ஒரு நொடிகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"தலைப்பாகை கட்டினது நீங்கதான், மகாராஜா. உங்க குடிகளை எலிங்கறான்," என்றது.

அரசர் முகம் கறுத்தது. ஓவியரை நாட்டைவிட்டுத் துரத்தவும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் உத்தரவானது. ஓவியர் சொன்ன எதுவும் எடுபடவில்லை. காவலர் இழுத்துப் போகையில், அரண்மனை வாசலில் இருந்த மிளகியின் முன்னால் நின்றார்.

"வெள்ளத்துல போன உன் பிள்ளைங்கடி அதுங்க. வளர்ந்திருந்தா இப்படித்தானே விளையாடும்னு வரைஞ்சேன். தலைப்பாகைக்காரனுக்கு இடது காது கிழிஞ்சிருக்கே, அதைக்கூடவா பார்க்கல?"

மிளகி மண்டபத்துக்கு ஓடியது. இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே மறைந்துவிட்டன. மூன்றாவதில் கிழிந்த காது மட்டும் மிச்சமிருந்தது. மிளகியே நக்கி நக்கி ஆற்றிய காது. நான் சொன்னது பொய், நிறுத்துங்கள் என்று கதறியது. அரசர் உத்தரவு இருக்க, பூனை பேச்சை யார் கேட்பார்கள்? சுண்ணாம்பு மட்டை இன்னொரு இழுப்பு இழுத்தது. காதும் போனது.

மிளகி அதற்குப் பிறகு அரசர் மடிக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சுவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டது.

அன்று முதல்தான் பூனைகள் ஒன்றுமில்லாத சுவரை அப்படி வெறித்துப் பார்க்கின்றன. அங்கே என்ன தெரிகிறது என்று எத்தனை முறை கேட்டாலும் பொருள் சொல்வதில்லை.