பச்சைப் பட்டாடைத் துவையல்

எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். நம் ஊர்க் கோயில்களுக்குக் கோபுரம் எழும்புவதற்கும் முன்னால், மழை தவறிப்போன ஒரு வருஷத்தில், மகுடவர்மன் என்றொரு மன்னர் ஒரு தேசத்தை ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மன்னர்தான். ஆனால் நாளுக்கொரு ஆசை, பொழுதுக்கொரு கட்டளை.

ஒரு நாள் அவர் நகர்வலம் போய்த் திரும்பினார். அரண்மனைப் படி ஏறும்போது இரண்டு காவலர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. சபையில் வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்த பிறகு கேட்டார்.

"நாட்டில் பஞ்சம். குடிமக்கள் கூழும் கீரையும்தான் உண்கிறார்கள். இருந்தும் கைவீசி நடக்கிறார்கள். நான் பாலும் நெய்யும் பட்சணமும் உண்கிறேன். என்னால் படி ஏற முடியவில்லை. இது என்ன நியாயம்?"

வேம்பையன் மட்டும் எழுந்தான். அவன் அந்தச் சபையின் விகடன். மன்னரைச் சிரிக்க வைப்பதுதான் அவனுக்கு உத்தியோகம்.

"மன்னா, களஞ்சியத்திலிருந்து அரண்மனைக்கு வண்டி வண்டியாகச் சாமான் வருகிறது. பாதி தங்கள் வயிற்றுக்குப் போகிறது. மீதி குப்பைக்குழிக்குப் போகிறது. பாவம், குழியும் தங்களைப் போலவே பெருத்துவிட்டது. குழியாலும் படி ஏற முடியவில்லை."

மன்னர் குலுங்கிச் சிரித்தார். சபையும் சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் களஞ்சிய அதிகாரி அம்பலவாணர். அந்த வண்டிகளை அனுப்புகிறவர் அவரே. மன்னர் வேம்பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து வெற்றிலை மடித்துக் கொடுப்பது அவர் கண்ணை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. இன்று அவமானமும் சேர்ந்துகொண்டது.

"மன்னா," என்று எழுந்தார். "பேசுவது யாருக்கும் எளிது. குறைந்த சாமானில் வேம்பையன் செய்து காட்டட்டும். இந்த அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை தங்களுக்கு அவனே சமைக்கட்டும். தினமும் ஒரு படி நொய், ஒரு பிடி பயறு, உப்பு, புளி, மிளகு, ஒரு கரண்டி எண்ணெய், ஒரு கட்டுச் சுள்ளி. இவ்வளவுதான் கொடுப்பேன். வேறெதையும் அவன் விலைக்கு வாங்கக் கூடாது. யாரிடமும் கேட்டுப் பெறக் கூடாது. களஞ்சியச் சொத்தைத் தொடக் கூடாது. ஒரு வேளையாவது தாங்கள் 'நன்றாக இல்லை' என்று சொல்லிவிட்டால், அவன் இந்த நாட்டை விட்டே போக வேண்டும்."

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "ஆகட்டும்! ஏழையின் சாப்பாடாகவும் இருக்க வேண்டும், ராஜபோஜனமாகவும் இருக்க வேண்டும். என்ன வேம்பையா?"

வேம்பையன் ஒரு கணம் தரையைப் பார்த்தான். "உத்தரவு, மன்னா" என்றான். அவன் வழக்கம்போல வேடிக்கை பேசாததை அம்பலவாணர் கவனித்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. காய் இல்லாமல் என்ன சமைத்துவிடுவான்?

மறுநாள் காலை வேம்பையன் வந்தான். கொடுத்ததை வாங்கிக்கொண்டான். அளவு குறைகிறது என்று சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. போய்விட்டான். அம்பலவாணருக்கு அதுவே சரியாகப் படவில்லை. அவனுக்குத் தெரியாமல் பின்னால் போனார்.

அரண்மனையின் பெரிய மடைப்பள்ளியில் ராணிகளுக்கும் படைவீரர்களுக்கும் வழக்கம்போலச் சமையல் நடந்துகொண்டிருந்தது. வரிசையாக அரிவாள்மனை போட்டுப் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வேம்பையன் கையில் ஒரு செப்புச்சட்டி. தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தது. ஒவ்வொருத்தி முன்னாலும் போய்க் குனிந்தான், சட்டியை நீட்டினான், ஒரு வார்த்தை பேசாமல் நிமிர்ந்தான். தூணுக்குப் பின்னால் நின்ற அம்பலவாணருக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

'என்ன செய்கிறான்? கும்பிடுகிறானா? பிச்சை என்றால் வாய் திறந்து கேட்க வேண்டாமா?' ஒன்றும் புரியவில்லை.

நண்பகலில் மன்னருக்கு இலை போட்டார்கள். குழைந்த நொய்க்கஞ்சி, பக்கத்தில் பச்சையாக ஓர் உருண்டை. மன்னர் தயங்கித்தான் விரலில் தொட்டார். பிறகு விரலைச் சப்பினார். பிறகு உருண்டையே காணாமல் போயிற்று.

"வேம்பையா, இது என்ன?"

"பச்சைப் பட்டாடைத் துவையல், மன்னா."

மறுநாள் மரகதக் கச்சைப் பொரியல் வந்தது. அதற்கடுத்த நாள் முத்துப்பந்தல் கூட்டு. மன்னர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அம்பலவாணருக்குத் தூக்கம் போயிற்று. இத்தனை வருஷம் களஞ்சியத்தைக் கட்டி ஆள்கிறார். பச்சைப் பட்டாடை என்று ஒரு காய் உண்டென்று யாரும் அவருக்குச் சொன்னதில்லையே! சந்தைக்கே கிளம்பிப் போனார்.

"பச்சைப் பட்டாடை இருக்கிறதா?"

முதல் கடைக்காரன் அதிகாரியிடம் தெரியாது என்று சொல்லப் பயந்தான். "நேத்துத்தாங்க தீந்துபோச்சு. கூடை கூடையா வந்துச்சு."

அடுத்தவன், "அது மலைச்சரக்குங்க. பனி விழுந்தாத்தான் காய்க்கும்" என்றான். மூன்றாவது கடைக்காரன் அவர் கையைப் பிடித்து அன்போடு ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அம்பலவாணர் போகும்போது இருந்ததைவிடக் குழம்பித் திரும்பினார்.

அன்று மாலை, வேம்பையன் சமைக்கும் கொட்டகைக்குள் யாரும் இல்லாத நேரம் பார்த்து நுழைந்தார். உத்தரத்தில் ஈரத்துணி மூட்டை ஒன்று தொங்கியது. அவிழ்த்தார். உள்ளே பயறு. ஆனால் ஒவ்வொரு மணிக்கும் வெள்ளையாக ஒரு வால்! தான் கொடுத்தது ஒரு பிடி. இங்கே இருப்பதோ இரண்டு கை கொள்ளாது.

அடுப்பைப் பார்த்தார். அணைந்து கிடந்தது. பக்கத்தில் வைக்கோல் திணித்த பெரிய கூடை. மாங்காய் பழுக்க வைப்பதுபோல் அதற்குள் ஒரு பானை புதைந்திருந்தது. மேலே சாக்கு. சாக்கை விலக்கித் தொட்டவர் கையை உதறினார். கொதிக்கிறது! மூடியைத் திறந்தால் கஞ்சி மலர மலர வெந்திருந்தது. கீழே நெருப்பு இல்லை. சுள்ளிக்கட்டில் பாதி அப்படியே இருந்தது.

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவி வடிவுடையாளைக் கூப்பிட்டார்.

"வடிவு, பயறுக்கு வால் முளைக்குமா?"

"வால் முளைக்காமக் கொம்பா முளைக்கும்?"

"சரி, வைக்கோலுக்குள் புதைத்தால் கஞ்சி வேகுமா?"

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க, வெயில்ல அலையாதீங்கன்னு சொன்னா கேக்குறீங்களா? மிளகு ரசம் வச்சுத் தரேன். குடிச்சிட்டுப் பேசாமப் படுங்க."

குடித்தார். படுத்தார். தூக்கம்தான் வரவில்லை.

நாட்கள் போகப் போக இன்னொரு குழப்பம் சேர்ந்துகொண்டது. சாப்பாடு குறைந்த மன்னர் வாடவில்லை. முகத்தில் தெளிவு வந்தது. இடைக்கச்சை தளர்ந்தது. படி ஏற ஒரு காவலன் போதும் என்றாயிற்று.

பௌர்ணமிக்கு முந்தின நாள், அம்பலவாணர் துணிந்து, காய் நறுக்குகிற பெண்களுக்கு மிக அருகில் போய், அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வேம்பையன் வந்தான், குனிந்தான். ஒருத்தி பீர்க்கங்காயைச் சீவினாள். பச்சைத்தோல் சுருள் சுருளாகச் செப்புச்சட்டிக்குள் விழுந்தது.

அம்பலவாணருக்குக் கண் திறந்தது. வேட்டி தடுக்கத் தடுக்கச் சபைக்கு ஓடினார்.

"மன்னா! மோசம் போனீர்கள்! இத்தனை நாளும் வேம்பையன் தங்களுக்குக் குப்பையைப் பரிமாறியிருக்கிறான்!"

மன்னரின் முகம் கறுத்தது. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. வேம்பையனைக் கூட்டிவந்தார்கள். அவன் மேல்துண்டில் தாளித்த வாசனை அடித்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

"உண்மையா? நீ எனக்குப் போட்டது காய்கறித் தோலா?"

"தோல்தான், மன்னா. ஆனால் குப்பை இல்லை. அதிகாரி அவர்களிடம் ஒன்று கேட்க அனுமதி வேண்டும்."

"கேள். கடைசியாகக் கேட்டுக்கொள்."

வேம்பையன் திரும்பினான். "ஐயா, குப்பை என்றால் எது?"

"இது ஒரு கேள்வியா? குப்பைக்கூடையில் விழுவது குப்பை."

"கூடையில் விழாதது?"

"விழாதது எப்படிக் குப்பையாகும்?" என்று சொன்ன பிறகுதான் அம்பலவாணருக்கு ஏதோ வழுக்குவதுபோல் இருந்தது.

"மன்னா, ஒரு சுருள் தோலும் கூடையில் விழவில்லை. அரிவாள்மனைக்கும் கூடைக்கும் நடுவே கழுவிய சட்டியைப் பிடித்து வாங்கிக்கொண்டேன். வாங்கியதை மூன்று தண்ணீரில் அலசினேன். சட்டியில் பிடித்ததற்குச் சாட்சி அதிகாரி அவர்களே."

"அப்படியானால் அது களஞ்சியச் சொத்து!" என்று கத்தினார் அம்பலவாணர். "தொடக் கூடாது என்பது நிபந்தனை!"

"சொத்தா? அப்படியென்றால் இத்தனை வருஷமாக மன்னரின் சொத்தை நாள்தோறும் குழியில் கொட்டச் செய்தது யார், ஐயா?"

அம்பலவாணருக்கு வியர்த்தது. "இல்லை இல்லை, சொத்து இல்லை. அது குப்பை."

"கூடையில் விழவில்லையே."

"அப்போது... சொத்து."

"அப்போது கொட்டியது யார்?"

அம்பலவாணர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சொத்து என்றால் தன் தலை போகும். குப்பை என்றால் தன் வாயே தடுக்கிறது. கடைசியில் ஈனக்குரலில், "அது... தோல்" என்றார்.

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றான் வேம்பையன்.

மன்னர் இன்னும் சிரிக்கவில்லை. "பயறும் கஞ்சியும்? கொடுத்தது எப்படிப் போதும்?"

"பயறை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினேன், முளைவிட்டுப் பெருகியது. முளைவிட்ட பயறு வயிற்றுக்கும் லேசு. நொய்யை ஊறவைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி வைக்கோலுக்குள் வைத்தேன். சூடு வெளியே போக வழியில்லாமல் அது தானே வெந்தது. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டவில்லை, அதில்தான் புளி கரைத்தேன். பட்டாடை பீர்க்கங்காய்த் தோல், புளியும் மிளகும் சேர்த்து வதக்கி அரைத்தது. கச்சை வாழைக்காய்த் தோல், பொடியாக நறுக்கி வேகவைத்துத் தாளித்தது. முத்துப்பந்தல் பூசணிக்காயின் குடல். எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டி எண்ணெய்தான், மன்னா. வேறு இல்லையே, என்ன செய்வேன்?"

மன்னர் காவலர்களைப் பார்த்தார். "இன்று காலை நான் எப்படிப் படி ஏறினேன்?"

"தாங்களாகவே ஏறினீர்கள், மன்னா. நாங்கள்தான் பின்னால் ஓடிவந்தோம்."

மன்னர் சற்று யோசித்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. "பட்டாடை! பீர்க்கங்காய் உடுத்தியிருந்ததை உருவிக்கொண்டு வந்து எனக்கு ஊட்டியிருக்கிறான்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி வேம்பையன் கையில் மாட்டினார். பிறகு அம்பலவாணர் பக்கம் திரும்பினார்.

"உம்மை என்ன செய்யலாம்?"

"மன்னா, விரட்டிவிட வேண்டாம்" என்றான் வேம்பையன். "நகரவாசலில் ஒரு கஞ்சித்தொட்டி திறக்கலாம். அரண்மனைக்குத் தேவைக்கு மிஞ்சி வருகிற வண்டிகள் அங்கே போகட்டும். படி அளந்து பழகிய கை அவருடையது. பஞ்சம் தீரும்வரை அவரே முன்னின்று ஊற்றட்டும்."

"அப்படியே ஆகட்டும்."

அம்பலவாணர் கைகூப்பினார். "மன்னா, இது எனக்குத் தண்டனையா, பதவியா?"

"எனக்கும் தெரியவில்லை. அங்கேயே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லும்" என்று மன்னர் மறுபடியும் சிரித்தார்.

அன்று மாலை அம்பலவாணர் தம் வாழ்நாளில் முதல் முறையாகத் தம் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தார். வடிவுடையாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"வடிவு, நீ பீர்க்கங்காய்த் தோலை எங்கே கொட்டுகிறாய்?"

"கொட்டுறதா? நல்லா இருக்கே! கல்யாணமான நாளா நீங்க அதைத்தானே சோத்துல பிசைஞ்சு சாப்பிடுறீங்க. நேத்துகூட 'துவையல் அமிர்தமா இருக்கு'ன்னு சொன்னீங்களே."

அம்பலவாணர் அப்படியே உரலின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சபையில் இதை அவர் வாய்தவறிச் சொன்னபோது, மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு மடியில் விழுந்தது. அந்த மகிழ்ச்சியில் மற்றொரு கைக் காப்பையும் கழற்றினார். அதையும் வேம்பையனுக்கே கொடுத்தார்.

துவையல் அரைத்தது தம் மனைவி, சாப்பிட்டது தாம். காப்பு மட்டும் ஏன் அவனுக்குப் போனது என்று அம்பலவாணருக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை.