நாப்பது பிரஷ்ஷும் ஒரு பச்சைப் பொடியும்

ஒரு ஊர்ல ஒரு டிராயிங் டீச்சர் இருந்தா. பேரு எஸ்தர் கனகமணி. என்னடி, அதுக்குள்ள கொட்டாவி? ம் கொட்டு, இல்லேன்னா இங்கயே நிறுத்திடுவேன்.

அவ பள்ளிக்கூடத்துல படம் வரையன்னே புதுசா ஒரு ரூம் கட்டிக் குடுத்தாங்க. டீச்சருக்குத் தலகால் புரியல. டவுனுக்குப் போயி காதர் பாய் கடையில செவப்பு, மஞ்ச, பச்சன்னு மூணு டப்பா கலர்ப்பொடி வாங்கிட்டு வந்தா. பச்சன்னா பச்ச, கிளி தோத்துப் போகும்! மறுநாள் அத பிள்ளைங்ககிட்ட குடுத்து, "கலக்கி வரைஞ்சுட்டு இருங்க, நான் போயி நல்ல பிரஷ்ஷா இன்னும் கொஞ்சம் பாத்து எடுத்துட்டு வரேன்"னு கிளம்பிட்டா.

அப்புறம் அதே பாய் கடையில ஒவ்வொரு பிரஷ்ஷா சோதிக்கிறா. ஒண்ணு முடி கொட்டுது. இன்னொண்ணு தொடப்பமாட்டம் விரியுது. மூணாவது? அட, இதுதான்! அதே பச்சையக் கரைச்சு முக்கி, நுனி கூராகட்டும்னு உதட்டுக்குக் கொண்டு போனா. அவளுக்கு அது பழக்கம். பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தா. வாயில வச்சு கூராக்காம வரைஞ்சா நங்குன்னு ஒரு குட்டு.

"ஐயையோ, வைக்காதீங்க டீச்சரம்மா!" பாய் பாஞ்சு வந்து கையத் தட்டிவிட்டாரு. "அது வெஷம்மா! செவத்துக்கு அடிக்கிற பொடி. நீங்க மதில்ல படம் போடத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேனே!"

கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க, நாப்பது பிரஷ்! இப்போ மாதிரி கையில ஃபோனா இருந்துச்சு?

அப்போ ஓடினா பாரு. போனா, பஸ் போயிடுச்சு. ஆட்டோவப் பிடிச்சா, ரயில்வே கேட்டு மூடிக் கெடக்கு. தடதட தடதடன்னு கூட்ஸ் வண்டி போகுது போகுது, முடிஞ்சு தொலைய மாட்டேங்குது. பள்ளிக்கூடம் வந்தா வாசல்ல பூட்டு! செவரேறி தொப்புன்னு குதிச்சா. ஆமாடி, டீச்சர்தான், சேலையோட. ம் எங்க?

ரூம்ல சத்தமே இல்ல. "ஏசுவே"ன்னு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தா, எல்லாம் குனிஞ்சு வரைஞ்சுட்டு இருக்கு. ஒரு வாயிலயும் பச்ச இல்ல. அப்பாடான்னு மூச்சு விட்டா.

அப்போ ஒரு வாண்டு, "டேய், டீச்சர் வந்துட்டாங்கடோய்!"னுச்சு.

சரக்குன்னு நாப்பது பிரஷ்ஷும் நாப்பது வாய்கிட்ட போச்சு!

"போடுங்க கீழ!" அவ போட்ட கூச்சல்ல மரத்துக் காக்காயெல்லாம் பறந்துச்சு. பிரஷ்ஷெல்லாம் படபடன்னு விழுந்துச்சு. ஓடிப் போயி ஒவ்வொரு வாயாத் தெறந்து பாத்தா. ஒண்ணுலயும் படல.

முன்னால உக்காந்திருந்த பூங்கோதை அழுதுக்கிட்டே சொல்லுது: "நீங்க இல்லாதப்போ யாருமே வாயில வைக்க மாட்டோம் டீச்சர். டம்ளர் ஓரத்துலதான் தேய்ப்போம். நீங்க பாத்தா மட்டும்தான்... குட்டுவீங்கல்ல?"

டீச்சர் பொத்துனு தரையில உக்காந்துட்டா. என் சொல்லக் கேக்காததாலதானே பொழச்சுதுங்கன்னு நெனச்சு நெனச்சு அழுதா. "இனிமே நான் நின்னு பாத்தாலும் வைக்காதீங்க கண்ணுங்களா"ன்னா.

அவ்வளவுதான். கதை படுத்துடுச்சு, நீயும் படு.