எட்டாவது போல்ட்

தில்லையம்பலத்தார் முப்பத்துநாலு வருடம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரை அடி வேலிக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போன காணிகளில் சங்கிலி பிடித்து நின்றவர். அளந்தால் எதற்கும் விடை கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

ஓய்வு பெற்ற வருடம் ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரை வாங்கினார். அவரைவிட ஐந்து வயது மூத்த கார். அதை யாழ்ப்பாணம் கொட்டடியில் இருந்த ஜெசிந்தாவின் கராஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. பழைய இங்கிலாந்துக் கார் என்றால் தீவுப்பகுதியில் இருந்தும் அவளிடம்தான் வருவார்கள்.

“நானே வேலை பழகிச் செய்யோணும் எண்டு ஆசை, பிள்ளை. சொல்லித் தருவீரோ?”

“சொல்லத் தெரியாது ஐயா. நீங்கள் செய்யுங்கோ. நான் பக்கத்தில நிப்பன்.”

ஐந்து மாதம் அப்படியே போனது. இயந்திரம் ஓடியது. பிறேக் பிடித்தது. உக்கின தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் ஒட்டிப் பெயின்றும் அடித்தாயிற்று. முன் சீற் இரண்டையும் பூட்டுவது மட்டும் மிச்சம். சீற் ஒன்றுக்கு நாலு போல்ட், மொத்தம் எட்டு.

ஒரு காலை அவர் கடதாசிப் பெட்டி ஒன்றோடு வந்தார். உள்ளே வெள்ளிபோல மினுங்கும் எட்டுப் போல்ட்.

“துருவே பிடிக்காது, பிள்ளை. கொழும்பிலயிருந்து எடுப்பிச்சனான்.”

ஜெசிந்தா அதில் ஒன்றை எடுத்து மேசையில் பூட்டியிருந்த வைஸ் பிடியில் இறுக்கினாள். சுத்தியலால் ஒரு அடி. போல்ட் தலைகுனிந்தது. பிறகு காரில் கழற்றிய பழைய கறுத்தப் போல்ட் ஒன்றை அதே இடத்தில் வைத்து அதேபோல அடித்தாள். சுத்தியல்தான் துள்ளித் திரும்பியது. இரண்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள்.

தில்லையம்பலத்தார் கடதாசிப் பெட்டியை மூடினார். பழைய போல்ட்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். ஏழு நல்லாக இருந்தன. எட்டாவது, இடதுபக்கச் சீற்றின் முன்மூலையில் இருந்தது, கழற்றும்போதே முறிந்து போயிருந்தது. முறிந்த துண்டை ஜெசிந்தா துளைத்து எடுத்துக் கொடுத்தாள். கார்த் தளத்தின் அடியில் ஒட்டியிருந்த நட்டுக்கு ஒரு சேதமும் இல்லை.

“இதுக்கு எந்தப் போல்ட் சரி?”

கராஜ் மூலையில் மூன்று எண்ணெய்த் தகர ரின் இருந்தன. உடைத்த கார்களில் சேர்த்த போல்ட்கள் விளிம்புவரை கிடந்தன. “உதுக்குள்ள இருக்கும்.”

“எத்தினை மில்லிமீற்றர்?”

“மில்லிமீற்றர் இஞ்ச வர முந்தி வந்த கார் ஐயா. சுத்துப் புரியெல்லாம் அங்குலக் கணக்கு.”

“அப்ப சரியானது எண்டு எப்பிடி அறியிறது?”

“விரலால பூட்டுங்கோ. கடைசிச் சுத்துக்குத்தான் ஸ்பானர்.”

இரண்டு நாள் ரின்னைக் கிளறினார். ஒன்று பருமன், ஒன்று மெலிவு, ஒன்று நீளம் போதாது, ஒன்றில் புரியே இல்லை. அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஞாயிறு கீரிமலைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக மனைவி சிவயோகத்துக்குச் சொல்லியிருந்தார். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாத மனிசி. எந்தச் சேலை உடுப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

அன்று மத்தியானம் ஜெசிந்தா வழியில் நின்றுபோன வாகனம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தாள். தில்லையம்பலத்தார் கஸ்தூரியார் வீதிக்கு நடந்து போய் ஒரு எட்டு மில்லிமீற்றர் போல்ட் வாங்கி வந்தார். மினுங்கல் இல்லை, கறுப்பு. நல்ல உருக்கு என்று கடைக்காரன் சத்தியம் பண்ணினான். முறிந்ததையும் புதியதையும் அளந்து பார்த்தார். ஒரு மயிரளவு வித்தியாசம்.

விரலால் இரண்டு சுற்றுப் போனது. பிறகு நின்றது.

கழற்றித் துடைத்து, எண்ணெய் தடவி மறுபடி பூட்டினார். இரண்டு சுற்று. நின்றது.

ஸ்பானரை எடுத்தார். போல்ட் முனகியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கால் சுற்று, அரைச் சுற்று, பிறகு கடகடவென்று இறங்கிக் கடைசியில் கல்லுப்போல இறுகியது. சீற்றைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை.

“இறுக்கம்தானே வேணும்,” என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

நாலரை மணிக்கு ஜெசிந்தா வந்தாள். எப்போதும்போலக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாள் என்று தில்லையம்பலத்தார் எதிர்பார்த்தார். என்ன சொல்வதென்றும் யோசித்து வைத்திருந்தார். அவள் குனியவில்லை.

“முடிஞ்சுதோ ஐயா?”

“முடிஞ்சுது.”

“அப்ப ஒருக்கா ஓடிப் பாப்பம்.” இடதுபக்கக் கதவைத் திறந்து அந்தச் சீற்றிலேயே ஏறி இருந்தாள்.

பண்ணைப் பாலத்துக்கு விட்டார்கள். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். நேரான றோட்டு, ஆள் நடமாட்டம் இல்லை.

“முப்பது மைலுக்குக் கொண்டு வாங்கோ,” என்றாள் ஜெசிந்தா. வந்தது. “இப்ப அமத்திப் பிறேக் பிடியுங்கோ. சில்லு இழுபட்டு நிக்கோணும்.”

தில்லையம்பலத்தார் பிறேக்கில் காலை வைத்தார். கால் அழுத்தாமல் அங்கேயே இருந்தது.

“ஐயா, பிறேக்.”

“ஓம், ஓம்.”

நித்திரையான குழந்தையைப் பாயில் கிடத்துகிறவர்போலக் காரை மெல்ல மெல்ல நிறுத்தினார்.

“பிறேக் வேலை செய்யேல்லையோ?”

“செய்யுது.”

“பின்னை?”

“பின்னால ஒரு மோட்டச்சைக்கிள் வந்தது.”

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். ஒரு வெள்ளைக் கொக்கு றோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அவள் முன்னுக்குத் திரும்பினாள். “திருப்புங்கோ. இன்னொருக்காப் பாப்பம்.”

திருப்பினார். வேக முள்ளு இருபதைத் தாண்டி முப்பதுக்கு வந்தது. ஜெசிந்தா முன்னுக்குக் கை ஊன்றக்கூட இல்லை, இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள்.

“இப்ப.”

அவர் காரை ஓரமாக உருளவிட்டு நிறுத்தினார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

“பிள்ளை, இறங்கும்.”

“ஏன் ஐயா?”

“இறங்கும். உம்மட காலடியில இருக்கிற போல்ட் பிழை.”

இறங்கி நின்றவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். மோட்டச்சைக்கிள் வரவில்லை என்பதையும் சொன்னார். அவள் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“விரலால எத்தினை சுத்துப் போச்சு?”

“ரெண்டு.”

“மிச்சம்?”

“மிச்சம் நான் போகப் பண்ணினது.”

அவள் பின்சீற்றில் ஏறினாள். “மெள்ளக் கொண்டு போங்கோ.”

கராஜுக்கு வரும்வரை பக்கத்துச் சீற் வெறுமையாக வந்தது. தில்லையம்பலத்தாரால் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிவயோகம் அதில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

மறுநாள் போல்ட்டைக் கழற்றினார். அதோடு இரும்பும் சுருள் சுருளாக வந்து கையில் கொட்டியது. நட்டின் புரி முழுவதும் அரைபட்டிருந்தது. வைரம் மாதிரி நின்றதாக அவர் நினைத்த போல்ட்டைக் கடைசியில் பிடித்திருந்தது ஒரு நூல் இரும்பு.

சாப்பாட்டு நேரம் வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சொன்னார். ஞாயிறு பயணம் இல்லை என்றார். ஏன் என்றும் ஒளிக்காமல் சொன்னார். சிவயோகம் சோற்றில் குழம்பை விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கீரிமலை எங்கயும் போகாது,” என்றாள். “நீங்கள் போல்ட்டைப் பாருங்கோ.”

காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கெட்ட நட்டை அவரே அறுத்து எடுத்தார். பொறி பறந்து உடம்பில் விழுந்தது. தளத் தகரத்துக்கு வலுவாக ஒரு தகடு வைத்துப் புது நட்டை ஜெசிந்தா ஒட்டிக் கொடுத்தாள். பிறகு மூன்று ரின்னையும் விரித்த சாக்கின் மேல் கொட்டி, கால் நீட்டி இருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். இந்த முறை அளவுகோலைத் தேடவில்லை. விரலால் பூட்டினார், நின்றால் கழற்றி மற்றப் பக்கம் போட்டார். சனியும் திங்களும் போயின.

செவ்வாய் பத்து மணிபோல ஒன்று அகப்பட்டது. துருப்பிடித்து, தலையில் சிறிய வட்டக் குழி விழுந்த போல்ட். பார்க்க அழகில்லை. தேய்த்து எண்ணெய் விட்டுப் பூட்டினார். இரண்டு சுற்று, மூன்று, நாலு. தண்ணிக்குள் இறங்குவதுபோல இறங்கியது. அடிவரை விரலாலேயே போனது. கடைசிச் சுற்றுக்கு ஸ்பானர் வைத்தபோது அது முனகவில்லை. காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். நுனி நட்டுக்கு வெளியே இரண்டு புரி தெரிந்தது, பக்கத்தில் போன பிறேக் குழாயில் முட்டவில்லை.

மற்ற ஏழையும் கழற்றி மறுபடி விரலால் பூட்டினார். யாரும் செய்யச் சொல்லவில்லை.

புதன் பின்னேரம் மறுபடியும் பண்ணைப் பாலம். ஜெசிந்தா அதே சீற்றில் இருந்தாள். முள்ளு முப்பதைத் தொட்டது. அவள் வாய் திறக்க முதலே தில்லையம்பலத்தார் பிறேக்கை ஊன்றி மிதித்தார்.

சில்லு கிறீச்சிட்டது. காரின் மூக்கு நிலத்தைப் பார்த்துக் குனிந்தது. ஜெசிந்தா முன்னுக்குப் போய் இரண்டு கையாலும் முன்பலகையில் ஊன்றிக்கொண்டாள். கடலில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து நின்று ஏசினார். ரப்பர் மணத்தது. இயந்திரம் நின்றுவிட்டது. சீற் இருந்த இடத்தில் இருந்தது.

இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள்.

“அண்டைக்குப் போல்ட் பிழை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்று தில்லையம்பலத்தார் கேட்டார். ‘நீர்’ என்பது ‘நீங்கள்’ ஆகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

“இல்லை ஐயா.”

“தெரியாமலோ ஏறி இருந்தனீங்கள்?”

“பூட்டின ஆள்தானே ஓட்டினது.”

அவர் இயந்திரத்தை இயக்கினார். கியரில் கை வைத்தார். வலைக்காரர் தன் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

“உங்கட கையால பூட்டுற சீற்றையும் இப்பிடித்தான் நீங்களே இருந்து பாப்பீங்களோ?”

“நான் இருக்கிறேல்லை ஐயா,” என்றாள் ஜெசிந்தா. “பூட்டின அண்டைக்கே என்ர மகளை அதில இருத்தித்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுறனான்.”