ஓநாய்களின் விருந்தில் சிறப்பு விருந்தினர்

கிரேக்க நாட்டில், கடலைப் பார்த்த ஒரு மலைச்சரிவில் ஒலிவ மரக்காடு ஒன்று இருந்தது. அங்கே வாழ்ந்த ஓநாய்கள் மிகவும் நாகரிகமானவை. இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டுதான் சாப்பிடும். திராட்சை மதுவில் தண்ணீர் கலந்துதான் குடிக்கும். கலக்காமல் குடிப்பவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஏசும்.

அவற்றுக்கு ஒரு சட்டமும் இருந்தது. சம்மதம் இல்லாமல் யாரையும் தின்னக் கூடாது! விருந்தன்று ஓர் ஆட்டை அழைத்து, மாலை போட்டு, தலையில் தண்ணீர் தெளிக்கும். ஆடு தலையை ஆட்டினால் சம்மதம். ஆட்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சில்லென்று தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் தலையை ஆட்டாது? அதுவரை ஓர் ஆடும் வீடு திரும்பியதில்லை.

அந்த ஆண்டு திராட்சை அறுவடை விருந்துக்குப் பிலோன் என்ற செம்மறிக்கடாவை அழைக்க, ஓநாய்களின் பணியாளான நரி வந்தது.

"நீங்கள்தான் சிறப்பு விருந்தினர்! தேனடை உண்டு, அத்திப்பழம் உண்டு. கொம்புக்குப் பொன்கூடப் பூசுவோம்!"

இதைக் கேட்டு, பக்கத்துப் பட்டியிலிருந்து மெலித்தா என்ற வெள்ளாடு ஓடி வந்தது.

"போகாதே அண்ணே! அவர்கள் மது கலக்கும் பானையில் உள்ள படத்தைப் பார்த்ததில்லையா? மாலை போட்ட ஆடுகள் வரிசையாகப் போகின்றன. திரும்பி வருகிற ஆடு ஒன்றைக்கூட வரையவில்லை!"

"வரைந்தவனுக்கு இடம் போதவில்லையோ என்னவோ!" என்று சிரித்தது பிலோன். "அந்தத் தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியாதா தங்கச்சி? கொட்டுகிற மழையில் ஆடாமல் நின்று பழகியவன் நான். தேனடையைத் தின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன், பார்!"

விருந்து நாளில் மந்தை முழுவதும் சரிவில் நின்று வேடிக்கை பார்த்தது. பிலோன் மேடை ஏறித் தேனடையை ருசித்துத் தின்றது. நரி தண்ணீர் தெளித்தது. பிலோன் அசையவில்லை. நரி குடத்தோடு கவிழ்த்தது. மூக்கில் தண்ணீர் வழிந்தது. கொம்பிலிருந்த பொன்னும் வழிந்தது. தலை மட்டும் அசையவில்லை!

ஓநாய்களின் வயிறு உறுமியது. "சட்டமாவது கிட்டமாவது! பாய்ந்துவிடலாமா?" என்றது ஒரு குட்டி ஓநாய்.

"சீ! நாம் என்ன காட்டுமிராண்டிகளா?" என்று அதட்டியது தலைவர் ஓநாய்.

"ஜெயித்துவிட்டாய் அண்ணே! இறங்கி வந்துவிடு!" என்று சரிவிலிருந்து கத்தியது மெலித்தா.

பிலோன் இறங்கவில்லை. எல்லாரும் தன்னைப் பார்த்தார்களா என்று கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. நரி அதைக் கவனித்துவிட்டது. முன்னால் வந்து பணிவாகக் குனிந்தது.

"தோற்றுவிட்டோம் ஐயா! எத்தனையோ ஆடுகளைப் பார்த்திருக்கிறோம். உங்களைப் போன்ற அறிவாளியை இந்த மலை கண்டதே இல்லை. உண்மைதானே?"

பிலோன் அடக்கத்தோடு கண்களை மூடி, மெல்லத் தலையை அசைத்தது.

"சம்மதம்!" என்று கூவின ஓநாய்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தலைவர் ஓநாய் வாயைத் துடைத்துக்கொண்டு மந்தையைப் பார்த்தது. "யாரையும் நாங்கள் வற்புறுத்தவில்லை. எல்லாம் சட்டப்படிதானே நடந்தது?"

ஆடுகள் நடுங்கிக்கொண்டே ஒன்றாகத் தலையாட்டின.

"அருமை! அடுத்த விருந்துக்குத் தண்ணீர்ச் செலவும் மிச்சம்!" என்றது நரி. பிறகு மெலித்தாவைப் பார்த்தது. "நீ மட்டும் ஏன் தலையாட்டவில்லை?"

"கழுத்துப் பிடிப்பு" என்றது மெலித்தா. விறைத்த கழுத்தோடு மலையை விட்டு இறங்கிப் போனது. பிலோனுக்காக அழும்போதும் அது தலையைத் தாழ்த்தவில்லை.

தண்ணீருக்கு அசையாத தலையும் புகழ்ச்சிக்கு அசைந்துவிடும்; அதையே சம்மதம் என்று சொல்லக் காத்திருப்பவர்களின் பந்தியில் தேனடைக்கு ஆசைப்பட்டு உட்காரக் கூடாது.